ஞாயித்துக்கிழமை பாஸ்தா

உப்பே சேக்கறதில்ல கண்ணு. அப்படியே எழுதிக்கோ. காலைல ரெண்டு இட்டிலி, சட்டினி தொடறதில்ல. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மேல கொஞ்சம் ரசம். பொழுது போனா ஒரு தோசை, அதும் பாதிதான் எறங்கும். ஊறுகா வாங்கறதையே நிறுத்தியாச்சு. அப்பளம் கண்ணுல பாத்து ஒரு வருசமாச்சு. அப்பறமும் பி.பி. ஏன் ஏறுதுன்னு அந்த டாக்டரு என்னையக் கேட்டா நான் என்ன சொல்றது? மாத்தரைய மாத்திப் பாத்தாரு, ரெட்டிப்பாக்கிப் பாத்தாரு, இப்ப உங்கிட்டத் தாட்டி உட்டுருக்காரு. டயட் சொல்ற பொண்ணு கீழ உக்காந்திருக்கும், அதுகிட்ட ஒண்ணு விடாமச் சொல்லுங்கன்னாரு. சொல்லியாச்சல்லோ.

காலப் பாத்தியா? அமுக்கினா குழி உழுவுது. திங்கக்கிழமையானா இன்னும் எச்சாயிரும். வெள்ளிக்கிழமை வாக்குல கொஞ்சம் வடியும். மறுக்கா திங்கக்கிழமை இப்படியேதான். எந்தக் கண்ணு பட்டுச்சோ தெரியல. யாரு கண்ணுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது, அத உடு.

ஞாயித்துக்கிழமைக்கென்ன? ஞாயித்துக்கிழமையும் அதேதான். மத்தியானம் மட்டும் என்ற பையன் சமைப்பான். பாஸ்தா. சும்மா பொட்டலத்துல மசாலா சேத்து வர்றதில்ல, இது முறைப்படி, இத்தாலிக்காரங்க ஊட்டுல பண்ற மாதிரி. எனக்குன்னே பண்றான். அதுல உப்பு எத்தனைன்னு கேட்டா ஒரு வார்த்தைல சொல்ல முடியாது கண்ணு. அதுக்கு உனக்கு எங்கூட்டுக் கதை தெரியோணும். வெளிய கூட்டமில்லையே? அப்பச் சரி.

எங்களுக்குப் பனியன் கம்பெனி. திருப்பூர்ல யாருக்குத்தான் இல்லேங்கறே, அதுஞ்சரி. எங்கூட்டுக்காரரு ரெண்டு மிசினோட ஆரம்பிச்சது. அவரு போய்ச் சேந்த பொறகு பையன் நவநீதன்தான் பாக்கறான். ஒரே பையன். அவனுக்கு நாந்தான் பொண்ணு பாத்தேன். பொள்ளாச்சிப் பக்கம், தோப்பு தொரவு இருக்கற குடும்பம், பொண்ணு பேரு சிந்துஜா. நெறம் கொஞ்சம் மட்டு, போச்சாது, போகட்டும்னு உட்டேன். கல்யாணத்துக்கு முந்தி கோயமுத்தூர்ல ஒரு ஆபீசுல இருந்தா, வெளிநாட்டு ஆர்டரு எடுத்துக் குடுக்கற ஆபீசு. அவங்க ஒருக்கா அவள இத்தாலிக்கி அனுப்பியிருக்காங்க, ஏதோ துணிக் கண்காட்சிக்கி. அங்க தங்கின ஊட்டு அம்மா பாஸ்தா பண்ணச் சொல்லிக் குடுத்துச்சாம். போனது துணி பாக்க, கத்துட்டு வந்தது சமையலு. நான் அப்பவே சுதாரிச்சிருக்கோணும்.

வந்த மறு மாசமே கேட்டா, அத்தை, நானும் கம்பெனிக்கி வரட்டுங்களான்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்மூட்டு மருமக கம்பெனில போய் உக்காந்தா டெய்லருக என்ன பேசுவாங்க? மொதலாளிக்கி முடியலையாட்ட இருக்குது, பொண்டாட்டியக் கூட்டியாந்துட்டான்னு பேசுவாங்க. ஊடு இத்தனாம் பெரிசா இருக்குது, அதப் பாரு கண்ணுன்னேன். அம்மா சொல்றதக் கேளுன்னு அவனும் சொல்லிட்டான். அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல, அதச் சொல்லோணும். சரிங்கத்தைன்னுட்டு அடுப்படிக்கி வந்துட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? எனக்கு அப்பவே பி.பி. இருந்துச்சு. டாக்டரு சொன்னாருன்னு எனக்குன்னு தனியா ஒரு சின்னப் போசில கொழம்பு. உப்பக் கொறச்சுப்போட்டு எலுமிச்சம்பழம், மல்லித்தழை, மொளகுன்னு என்னென்னமோ போட்டு ஒப்பேத்துவா. என்ற ஊட்டுல, என்ற அடுப்புல, எனக்கு உப்பில்ல. நோயாளியாட்டமே என்னைய வெச்சிருந்தா. அப்ப பி.பி. அளவாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. உங்க மருமக நல்லாப் பாத்துக்கறாங்கன்னு இதே டாக்டரு, இதே ஆஸ்பத்திரில வெச்சுச் சொன்னாரு. எனக்கு அடுத்த மாசம் இங்க வர்றதுக்கே புடிக்கல.

அதுல அந்தப் பாஸ்தா வேற. மாசத்துல ஒரு நாளு அவனுக்குப் பண்ணுவா. நம்ம சந்தகை, இடியாப்பமாட்டந்தான், காஞ்சு போய்க் குச்சி குச்சியா வரும். பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பெரிய போசி நெறையத் தண்ணி, ஒரு கொழந்தையவே குளிக்க வெக்கலாம். தளதளன்னு கொதிச்ச பொறகு ஒரு கை கல்லுப்பு. எண்ணெ உடக் கூடாதாம். ஒடைக்கக் கூடாதாம், நின்னவாக்குல வெச்சா அதுவா மடங்கி உள்ள எறங்கோணுமாம். வடிச்ச பொறகு பச்சத்தண்ணி ஊத்தி அலசக் கூடாதாம். ஒட்டிக்குமேன்னு நான் ஒருக்கா அலசிப்போட்டேன். அவ வாயத் தொறக்கல, இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சு மறுக்காப் பண்ணினா. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மொட்டை மாடில துளசியாட்டம் ஒரு செடி வெச்சிருந்தா, அந்தத் தழையப் பிச்சு மேல போடறதுக்கு. நான் அதப் பறிச்சு சாமிக்கிப் போட்டுட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. கடுகு, கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டட்டுமான்னு கேட்டேன், வேண்டாங்கத்தைன்னு சிரிச்சா. சிரிச்சா கண்ணு.

வடிக்கறதுக்கு முந்தி அந்தத் தண்ணில ஒரு டம்ளரு மொண்டு தனியா எடுத்து வெச்சுக்குவா. எதுக்குடின்னா, அதுதான் முக்கியங்கத்தை, அத ஊத்துனாத்தான் தக்காளி அதுல போய் ஒட்டும்பா. எங்கூருல கஞ்சித்தண்ணி மாட்டுக்குப் போகும். இவ டம்ளர்ல எடுத்து வெச்சுக்கிட்டுக் காப்பாத்துவா.

அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும் பொறுக்க முடியல. வெந்துச்சான்னு பாக்கறதுக்கு ஒண்ண எடுத்து வாய்ல போட்டுக் கடிப்பா. அடுப்புல கொதிக்கற பண்டத்த. சாமிக்கிக் காட்டல, புருசன் சாப்பிடல, பெரியவ நான் ஒருத்தி இருக்கறேன், அதுக்குள்ள எச்சில். ஆக்கறவ வாய்ல வெக்கக் கூடாதுங்கறதுதான் எங்க மாமியா எனக்கு மொத மொதச் சொன்னது. நான் காலம் பூரா ஆக்கியிருக்கேன், ஒரு நாளு உப்புப் பாத்ததில்ல. வாசத்துலயே தெரியும். ஒவ்வொரு நாளைக்கித் தெரியாம எச்சுக் கம்மி ஆயிருக்கும், எங்கூட்டுக்காரரு வட்டலோட தூக்கி எறிஞ்சிருக்காரு. ஒருக்கா இந்தப் புருவத்துல பட்டுச்சு, பாரு, தடம் இருக்குது. எறிஞ்சா கூட்டி எடுத்துட்டு மறுபடி ஆக்குவேன். அதுக்காக எச்சில் பண்ணினனா?

ஒரு வெள்ளிக்கிழமை சாமி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். சூடம் பத்த வெச்சு, தாலியக் கையில புடிச்சுக்கடி, இந்த ஊட்டு அடுப்புல ஆக்கற பண்டத்த வாய்ல வெக்க மாட்டேன்னு சொல்லுன்னேன். அவ நவநீதனத் திரும்பிப் பாத்தா. அவன் போனப் பாத்துக்கிட்டே, சொல்லிரு சிந்து, அம்மா நிம்மதியா இருக்கட்டும்னான். சொன்னா. அந்த விசயத்துல அவ சுத்தம், ஒரு நாளும் மீறல. அதுக்கப்பறம் ஒண்ண எடுத்து நகத்துல கிள்ளிப் பாப்பா. நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியோணுமாம், அது மறையற நேரத்துல எறக்கிரோணுமாம். அப்ப உப்பு? உப்ப நகத்துல பாக்க முடியுமா? என்ற கை அளவு எனக்குத் தெரியுங்கத்தைன்னா. அத்தனை நம்பிக்கை அவ கை மேல.

உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா கண்ணு? இன்னும் இல்லையா. ஆச்சுன்னா மாமியாகாரி பேச்சக் கேட்டு நடந்துக்கோ.

அப்பத்தான் அந்தக் கார்லா வந்தா. எங்களுக்குப் பெரிய ஆர்டரு குடுக்கற இத்தாலிக்காரி, கொழந்தைக துணி வாங்கறவ. என்ற வயசுதான், ஆனா விறைச்சுக்கிட்டு நடப்பா. வருசத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போவா. அந்தத் தடவை ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காம வயித்தப் புடிச்சுட்டுப் படுத்துட்டா. நவநீதனுக்குப் பயமாயிருச்சு, ஆர்டரு போயிருமேன்னு. சிந்துஜாதான், ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னா.

நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அந்தம்மா ஒரு வட்டல் முடிச்சு மறு வட்டல் கேட்டுச்சு. கடைசில ரொட்டித் துண்ட வெச்சு வட்டலத் தொடச்சுத் தின்னுச்சு. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு அதுக்கு. இவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அவங்க பாசைல என்னமோ சொல்லுது, இவளும் நாலு வார்த்தை அதுலயே சொல்றா. அப்பறம் இங்கிலீசுல துணி, சாயம், அளவுன்னு நாயம் எங்கெங்கயோ போயிருச்சு. நவநீதன் குறுக்க பேசினா கார்லா கையக் காட்டி நிறுத்திப்போட்டு இவளயே கேக்குது. என்ற பையன் சோபா ஓரத்துல உக்காந்து நகத்தக் கடிச்சுக்கிட்டிருந்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அவங்கப்பா ரத்தத்தச் சிந்தி வளத்த கம்பெனி, ஒரு வட்டல் சந்தகைல அவ பக்கம் போயிருச்சு.

போறப்ப கார்லா சொல்லிட்டுப் போச்சு. அடுத்த தடவை வந்து இதே கையால மறுக்காச் சாப்பிடோணும், எங்க வேலைய இந்தப் பொண்ணே பாக்கறதா இருந்தா குளுருகாலத்து ஆர்டரு பூராம் உங்களுக்குத்தான்னு. நவநீதன் சரின்னுட்டான். வேற என்ன சொல்லுவான்?

அன்னைலிருந்து அவ நடக்கற நடையே வேற. பீரோல கெடந்த காட்டன் சீலையெல்லாம் எடுத்து, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு அடுக்கினா, கம்பெனிக்கிக் கட்டறதுக்கு. கண்ணாடி முன்னால நின்னு மடிப்பு எடுத்துப் பாத்துக்குவா. எங்கிட்ட வந்து, காலைலயே எல்லாம் ஆக்கி வெச்சுட்டுத்தாங்க போவேன், உங்களுக்கு ஒரு கொறையும் வராதுங்கத்தைன்னா. எனக்குச் சோத்துக்கா கொறை? அவளும் போயிட்டா காத்தால இருந்து பொழுது போற வரைக்கும் அந்த ஊட்டுல நான் யாரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? பையன் பொறந்ததுல இருந்து என்ற மூஞ்சியப் பாத்து வளந்தவன், கல்யாணத்துக்கப்பறம் அவ மூஞ்சியப் பாத்தான். இப்ப ரெண்டு பேரும் ஒட்டுக்காக் கார்ல ஏறிப் போயிருவாங்க. என்ற வெசனத்த யாரு கேட்டாங்க?

கார்லா மறுக்கா வந்துச்சு. அதும் ஞாயித்துக்கிழமை மத்தியானந்தான். ஊடு பூராம் தொடச்சு, புதுத் திரை போட்டு, எனக்குத் தனிப் போசில என்ற உப்பில்லாக் கொழம்பையும் வெச்சுட்டா காலைலயே. அடுப்புல தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ உப்புப் போட்டாளா போடலையா, நான் பாக்கல. உப்பு ஜாடி மூடி தொறந்து கெடந்துச்சு, அடுப்பு மேடைல ரெண்டு கல்லு செதறிக் கெடந்துச்சு, அவ்வளவுதான் பாத்தேன். வாசல்ல காரு சத்தம் கேட்டுச்சு. அவ சீலை மாத்த உள்ள ஓடினா. ஓடறவ சும்மா போலாமல்லோ? அத்தை, தண்ணி கொதிக்கட்டும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்கன்னு சொல்லிட்டுப் போறா. என்ற அடுப்புல நான் ஒண்ணும் பண்ண வேண்டாமாம். அவசரத்துல உப்ப மறந்திருப்பாளோன்னு எனக்குத் தோணுச்சு. பெரியவ ஒருத்தி ஊட்டுல எதுக்கு இருக்கறது? ஒரு கை போட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறே? ஒரு கைதான். சரி, ரெண்டு. மூணாவது பாதிக் கைதான் இருக்கும். தண்ணில போட்டா உப்பு நின்னு காட்டுமா என்ன, கரைஞ்சு போயிருது. ஜாடிய மூடி மேல எடுத்து வெச்சுட்டு வந்து கார்லாவ வாங்கன்னு கும்புட்டேன்.

அவ வந்து பாஸ்தாவப் போட்டா. நகத்துல கிள்ளிப் பாத்தா. டம்ளர்ல தண்ணி மொண்டு வெச்சா. வடிச்சு, தக்காளில போட்டுப் பொரட்டி, டம்ளர்த் தண்ணில பாதிய ஊத்தினா. எல்லாம் முறைப்படி பண்ணினா. வாய்ல மட்டும் வெக்கல, சத்தியம் பண்ணியிருக்கறாளே.

கார்லா ஒரு வாய் வெச்சுது. மெல்றத நிறுத்துச்சு. தண்ணி குடிச்சுது. ரெண்டாவது வாயும் வெச்சுது, மரியாதை தெரிஞ்ச பொம்பள. அப்பறம் மெதுவா வட்டலத் தள்ளி வெச்சுட்டு ஒரு வாழப்பழத்த உரிச்சுது. நவநீதன் ஒரு வாய் வெச்சுக் கையிலயே துப்பிட்டான். நான் என்ற கொழம்பப் பெசஞ்சு சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அதுல எலுமிச்சம்பழம் அன்னைக்கித் தூக்கலா, நல்லாத்தான் இருந்துச்சு.

ஆர்டரப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. கார்லா கார் ஏறின பொறகு நவநீதன் வந்து கதவச் சாத்தினான். அடுப்படிக்கிப் போய் மிச்சமிருந்தத அப்படியே போசியோட கொண்டாந்து மேசைல வெச்சான்.

"ஆக்கினவளே தின்னு."

ஏனுங்க, நான் அளவாத்தாங்க போட்டேன்னு அவ சொல்றா. தின்னுன்னான். ஒவ்வொரு வாயா எடுத்து வெச்சா. கண்ணுல தண்ணி ஊத்துது, மூக்கு ஒழுகுது, முழுங்கறா. தண்ணி கேட்டா, முடிச்சுட்டுக் குடின்னுட்டான். எதுத்தாப்பல நாற்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா புருசன் பொண்டாட்டி விசயத்துல நாம பூந்தா நல்லாருக்குமா? டீவி சத்தத்தக் கொஞ்சம் எச்சா வெச்சுக்கிட்டேன்.

பாதில எந்திரிச்சு ஓடிப் போய் வாந்தி எடுத்தா. மொகத்தக் கழுவிட்டு நேரா அடுப்படிக்கிப் போனா. அந்த டம்ளரு அங்கயே இருந்துச்சு, மீதித் தண்ணியோட. எடுத்து ஒரு வாய் குடிச்சா. சத்தியம் பண்ணின பொறகு அந்த அடுப்படில அவ வாய்ல வெச்சது அது ஒண்ணுதான். டம்ளரக் கொண்டாந்து எனக்கு முன்னால வெச்சா.

"அத்தை, நான் ஒரு கைதான் போட்டேன்."

அப்ப மிச்சத்தச் சாமி வந்து போட்டுட்டுப் போச்சா கண்ணுன்னேன். அவ என்னையவே பாத்தா. பொழுதோட பேக்க எடுத்துக்கிட்டுப் பொள்ளாச்சிக்கிப் போயிட்டா. நாங்க எடுத்துக் குடுத்த பட்டுச் சீலையெல்லாம் பீரோலயே இருந்துச்சு. இஸ்திரி போட்டு வெச்ச காட்டன் சீலைகள மட்டும் எடுத்துட்டுப் போயிருந்தா.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சோம். வக்கீலு நோட்டீசுதான் வந்துச்சு. கார்லாவோட ஆர்டரும் போச்சு. கொஞ்ச நாளுக்கப்பறம் கேள்விப்படறோம், அந்தக் கார்லா அவிநாசி ரோட்டுல சொந்தமா ஒரு ஆபீசு போட்டிருக்குதாம், அதுல இவதான் பெரிய ஆளாம். உப்புக் கரிச்ச கைக்கி வந்த வாழ்வப் பாரு.

நவநீதன் எளைச்சுப் போயிட்டான். எங்கிட்டப் பேச்சும் கொறைஞ்சு போச்சு. வேற பொண்ணு பாக்கறேன் சாமின்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவான். அப்பறம் ஆடி மாசத்துல ஒரு நாளு அவளக் கூப்புடறதுக்குப் போயிருக்கான், அவ ஆபீசுக்கே. எனக்கு டிரைவரு சொல்லித்தான் தெரியும். அவ மரியாதையா உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாளாம். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. உங்கம்மாவக் கேளுங்கன்னு மட்டும் சொன்னாளாம்.

வந்து கேட்டான். செருப்பக்கூடக் கழட்டாம வந்து நின்னு, அம்மா, அன்னைக்கி உப்பு நீங்க போட்டீங்களான்னான். நான் எதுக்குப் பொய் சொல்லோணும், பெத்த பையங்கிட்ட? ஆமா சாமி, மறந்துட்டாளோன்னு நானும் போட்டேன், அதுக்கென்ன இப்பன்னேன். எத்தனை கைன்னான். உனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். உப்புத்தானே, வெசமான்னேன்.

சத்தம் போடுவான்னுதான் நெனச்சேன். போடல. பக்கத்துல வந்து உக்காந்தான். என்ற கைய எடுத்துத் திருப்பி, உள்ளங்கைய விரிச்சு வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான். அவன் என்ற கையத் தொட்டு எத்தனை வருசமாச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு கண்ணு. சரிங்கம்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனான்.

அந்த ஞாயித்துக்கிழமைல இருந்துதான் அவன் சமைக்கறது. அடுப்பையே பத்த வெக்கத் தெரியாத பையன். பெரிய போசி வாங்கிட்டு வந்தான். போன்ல பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டான். ஒடைக்கறதில்ல, எண்ணெ உடறதில்ல, நகத்துல கிள்ளி அந்த வெள்ளைப் புள்ளியப் பாப்பான். அவ பண்ணின மாதிரியே இருக்கும். தண்ணி கொதிச்சதும் என்னைய அடுப்படிக்கிக் கூப்புட்டுப் பக்கத்துல நிக்க வெச்சுக்குவான். ஜாடியத் தொறந்து ஒரு கை போடுவான். கொஞ்ச நேரம் நிப்பான். அப்பறம் இன்னும் ரெண்டு கை, பொறகு ஒரு அரைக் கை. ஆம்பளக் கை, கொஞ்சம் எச்சாத்தான் புடிக்கும். கொஞ்சம் கொறச்சுக்கலாமே சாமின்னு மொத நாளு கேட்டேன்.

"உங்க கை அளவுதாம்மா."

பாத்தியா? அம்மா கை அளவ மனசுல வெச்சிருக்கான்.

மேசைல உக்கார வெச்சு அவனே போட்டுத் தருவான். அவன் சாப்பிட மாட்டான். பசிக்கலைம்மா, நீங்க சாப்பிடுங்கன்னு நாற்காலிய எதுத்தாப்பல போட்டு உக்காந்துக்குவான். போனத் தொட மாட்டான். நான் கடைசி வாய் முழுங்கற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டிருப்பான். எந்தப் பையன் இந்தக் காலத்துல அம்மாவ உக்கார வெச்சு எதுத்தாப்பல உக்காந்திருக்கறான் சொல்லு. சாப்பிட்டு முடிச்சா ஒரு டம்ளரு குடுப்பான், வடிக்கறதுக்கு முந்தி எடுத்து வெச்ச தண்ணி. அதே டம்ளருதான், மாத்தறதில்ல. குடிங்கம்மா, அதுதான் முக்கியம்பான். குடிப்பேன். வாய் எரியும், தொண்டை எரியும், ராத்திரி பூராம் தாகம் நிக்காது. குடிச்சு முடிச்சதும் டம்ளர வாங்கிக் கமுத்திப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பான்.

ஒருக்கா சொன்னேன். டாக்டரு வேண்டாங்கறாரே நவநீ, காலு வீங்குதேன்னு.

"உப்புத்தானேம்மா. வெசமா?"

என்ற வாயில இருந்து வந்த வார்த்தை அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் சிரிக்கல.

என்ன, எழுதறத நிறுத்திட்டே? எழுது கண்ணு. பையனக் கூப்புடோணுமா? வெளிய கார்லதான் இருக்கான். மாசாமாசம் அவன்தான் கூட்டிட்டு வர்றான். ரிப்போர்ட்ட எங்கையில குடுக்க மாட்டான், அவனே வாங்கி, போன மாசத்தவிட எத்தனை ஏறியிருக்குதுன்னு நின்ன எடத்துலயே படிச்சுப் பாப்பான். பாத்துட்டு மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்குவான். அத்தனை அக்கறை.

உக்காரு கண்ணு, எங்க எந்திரிக்கறே? அவனக் கூப்புட்டு உப்பக் கொறைன்னு சொல்லிப்போடாதே. இங்க பாரு, என்ற கையப் புடி. வாரம் பூராம் அவன் எங்கூட ஒரு வார்த்தை பேசறதில்ல. நான் சோறு போட்டா வேண்டாம்பான், வெளிய சாப்பிட்டேம்பான். நான் இருக்கற ரூமுல லைட்டப் போடக்கூட மாட்டான். ஞாயித்துக்கிழமை அந்த ஒரு மணி நேரந்தான் எதுத்தாப்பல உக்காந்து அம்மா, அம்மாங்கறான். உப்பக் கொறைன்னு நீ சொன்னா அவன் சமைக்கறதயே நிறுத்திப்போடுவான். அப்பறம் அவனும் அவளாட்டம் பேக்க எடுத்துட்டுப் போயிட்டா நான் அந்த ஊட்டுல என்ன பண்ணுவேன்?

நாளைக்கி ஞாயித்துக்கிழமை. நேத்தே பொட்டலம் வாங்கியாந்து வெச்சிருக்கான். ஒண்ணும் சொல்லாதே கண்ணு. நான் மொதல்ல சொன்னத மட்டும் எழுதிக்கோ. உப்பே சேக்கறதில்ல.